எல்லாருக்கும் ஒரே கோப்பு

லேப்டாப் பஸ்ஸில் வந்தது. சேலத்துக் கம்பெனியில் யாரோ அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, கண்டக்டரிடம் கொடுத்து, ஏற்காடு மலைமேல் நாகலூரில் ஆன்மேரி என்று ஒரு அம்மா நிற்பார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆன்மேரி நின்றாள். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். ரெண்டு கையாலயும் புடிங்கம்மா, கண்ணாடிச் சாமான்னு சொன்னாங்க என்றார் கண்டக்டர். அவருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் மேல் ஆன்மேரிக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. தெரிந்தவர்கள் விஷயம்தான் வேறு.

அவளுடைய வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் உண்டு. மற்ற நான்கையும் இருபத்திரண்டாம் வயதில் ஒரு எஸ்டேட்டின் பல்ப்பர், அதாவது காபிப்பழத்தின் தோலை உரிக்கிற மெஷின், எடுத்துக்கொண்டது. எஸ்டேட்காரர்கள் ஒரு மாதம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார்கள். பிறகு, மூடி போடாத மெஷினுக்குள் கையை விட்டது என் கவனக்குறைவுதான் என்று அவளிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் இடது கையால் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அண்ணன் ஆரோக்கியதாஸ் வீட்டில் சும்மா இருந்தாள். அண்ணி சாந்தாமேரி கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சோறு போடும்போது ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "இது எங்க நாத்தனாருங்க, பாவம்" என்றுதான் சொல்லுவாள். கோயிலுக்குப் போனாலும் பாவம், ரேஷன் கடைக்குப் போனாலும் பாவம். அந்தப் பாவம் ஆன்மேரியின் பெயருக்கு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

முப்பத்தோராம் வயதில்தான் இந்த வேலை கிடைத்தது. இன்சூரன்ஸ்காரர்கள் வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு, சொல் பிசகாமல் தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஆளைப் பார்க்காமல் போனிலேயே வேலைக்கு எடுத்தார்கள். மேலாளர் தனபாலிடம் மட்டும் கையைப் பற்றிச் சொன்னாள். மற்ற நாற்பது பேருக்கும் கேமராவில் அவளுடைய முகம் மட்டும்தான் தெரியும். வீட்டின் பின்னறையில் அடுக்கியிருந்த காபிக்கொட்டை மூட்டைகளை அண்ணன் வெளியே எடுத்துப் போட்டு ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கிப் போட்டார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தார். காலை பத்து மணிக்கு அந்தத் தாழ்ப்பாளைப் போட்டால் சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் ஆன்மேரி யாருக்கும் பாவம் இல்லை. வேலை போனால் அந்த அறையும் போகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மூட்டைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

கம்பெனியில் எழுத்தடிக்கும் மென்பொருளை எடிட்டர் என்பார்கள். ஒரு அலங்காரமும் இல்லாத கறுப்புத் திரை. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. இந்த விசையை அழுத்தினால் இதைச் செய் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், மறுபேச்சு பேசாமல் செய்யும். ஆன்மேரியின் வாழ்க்கையில் சொன்னதை அப்படியே கேட்டது அது ஒன்றுதான்.

தமிழ் விசைப்பலகையை அமைத்த புண்ணியவான்கள் பத்து விரல்காரர்கள். உயிரெழுத்துகளை இடது கைக்கும், பெரும்பாலான மெய்யெழுத்துகளை வலது கைக்கும் பங்கு பிரித்திருந்தார்கள். பத்து விரலுக்கு அது அருமையான ஏற்பாடு. இடது கை மட்டும் உள்ளவள் ஆ, ஈ, ஊ என்று கத்தலாம், அம்மா என்று எழுத முடியாது. ஆன்மேரி அந்தப் பலகையை நடுவில் மடித்தாள். வலது கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் ஒரு விசையைத் தட்டினால், அதற்கு நேர் எதிரே வலப்பக்கம் இருக்கிற எழுத்து விழும்படி எழுதினாள். 'உ' விசையில் 'ம' விழும். 'இ' விசையில் 'த' விழும். ஆறு விரலுக்கு முழு எழுத்தும் வந்து சேர்ந்தது. அப்புறம் சுருக்கங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியங்களுக்கு இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் இருநூற்றுப் பதினொரு சுருக்கம் எழுதினாள். கடைசியாக நிறுத்தம். இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடிட்டர் தானாகவே மூன்று நிமிஷம் பூட்டிக்கொள்ளும். இருப்பது ஒரே மணிக்கட்டு, அதற்கு ஓய்வு கொடுக்காவிட்டால் அதுவும் போய்விடும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு வருஷத்தில் முந்நூற்று நாற்பது வரி எழுதியிருந்தாள்.

போன அக்டோபரோடு பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஆனது. கம்பெனியின் பழைய மெஷின்களில் புது விண்டோஸ் ஏறாது. லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளம் இலவசம், அதையே எல்லாவற்றிலும் போட்டுவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. வீட்டிலிருந்து அடிப்பவர்கள் நவம்பர் முடிவதற்குள் லினக்ஸில் பழைய வேகத்தைத் தொட வேண்டும், தொடாதவர்கள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கடிதமும் வந்தது. பஸ்ஸில் வந்தது அந்த லினக்ஸ் மெஷின்தான்.

பென்டிரைவில் தன் கோப்பை எடுத்து அதில் வைத்துத் திறந்தாள் ஆன்மேரி. முந்நூற்று நாற்பது வரியின் கடைசியிலும் என்னவென்றே தெரியாத ஒரு குறி தொங்கியது. தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. விண்டோஸ் ஒரு வரியை முடிக்கிற விதம் வேறு, லினக்ஸ் முடிக்கிற விதம் வேறு என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. கோப்பின் முகவரியில் வரும் சாய்கோடு அங்கே ஒரு பக்கம் சாய்ந்தால் இங்கே மறுபக்கம் சாய்கிறது என்று தெரிய இன்னொரு நாள். எழுத்துருவைத் தேடிப் பொருத்த இரண்டு நாள். இதையெல்லாம் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் செய்தாள். பத்துக்கு மேல் பழைய மெஷினில் வேலை. காபிப்பழம் பறிக்கிற காலம் என்பதால் அண்ணனும் அண்ணியும் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வீடு அமைதியாகத்தான் இருந்தது, நெட்தான் மேகம் இறங்கினால் போய்விடும்.

பெரிய இடி ஐந்தாம் நாள் விழுந்தது. விண்டோஸில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருப்பதைக் கவனிக்க ஒரு குட்டி மென்பொருள் வைத்திருந்தாள். அது லினக்ஸில் ஓடாது. அதற்கு ஈடாக ஒன்றை நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். போன் செய்து கேட்டாள். யாருக்கும் தருவதில்லை என்றார்கள். எடிட்டருக்குள்ளேயே செய்துகொள்ளலாம் என்றால், ஒரு விசையை அழுத்தினார்களா என்றுதான் அந்த எடிட்டருக்குத் தெரியும், அழுத்திப் பிடித்திருக்கிறார்களா என்று தெரியாது. ஆன்மேரி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் வழி கிடைத்தது. பிடித்திருக்க வேண்டாம், முதலில் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு, உடனே இடது கையால் ஒரு விசை, எதிர்ப்பக்க எழுத்து விழட்டும். உண்மையிலேயே இடைவெளி வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரை இரண்டு தட்டு. தமிழ்ப் பலகை மொத்தத்தையும் எடிட்டருக்குள் வரி வரியாகத் திரும்ப எழுதினாள். மெஷின் புரிந்துகொண்டது. அவளுடைய கட்டைவிரலுக்குத்தான் புத்தி சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வருஷமாக அழுத்திப் பழகிய விரல் எடுத்து எடுத்துத் தட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினாள். பதினோராம் நாள் ஒரு முழுப் பதிவையும் பிழையில்லாமல் அடித்து முடித்தபோது, அறைக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அவளுக்கே கணக்கு இல்லை.

நவம்பர் நடுவில் தேர்வு வைத்தார்கள். லினக்ஸில் மற்றவர்கள் நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொல்லிலேயே திணறிக்கொண்டிருக்க, ஆன்மேரி முப்பத்துநான்கைத் தொட்டாள். வீடியோ கூட்டத்தில் தனபால் நாற்பது பேர் முன்னால் அதைச் சொன்னார். "ஆன்மேரியக்காவப் பாத்துக் கத்துக்கோங்க. மலைமேல உக்காந்துக்கிட்டு நம்ம எல்லாரையும் தூக்கிச் சாப்புட்டுட்டாங்க" என்றார். பாவம் ஒட்டாமல் அவள் பெயர் நாற்பது பேர் காதில் விழுந்தது. வேலையில் இருந்த ஏழு வருஷமும் அவள் காத்திருந்தது சம்பளத்துக்காக அல்ல, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று தோன்றியது.

கூட்டம் முடிந்ததும் தனபால் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கோப்பை அனுப்ப முடியுமா, மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும் என்று கேட்டார். அவர் வைத்ததும் கீர்த்திகா கூப்பிட்டாள். சேலம் ஆபீஸில் உட்கார்ந்து அடிக்கும் பெண், இருபத்துநான்கு வயது, ஆன்மேரியிடம் தினமும் இரண்டு வார்த்தையாவது பேசாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. தனபால் போனில் கேட்டது ஆபீஸில் அவள் காதில் விழுந்திருந்தது, நேராக விஷயத்துக்கு வந்தாள். "அனுப்பாதீங்கக்கா. நொம்பக் கேட்டா சும்மா நாலு வரிய எழுதி அனுப்புங்க. இவங்க வாங்குனா வாங்குனதுதான், திருப்பித் தர மாட்டாங்க."

பொறாமை என்று நினைத்தாள் ஆன்மேரி. இருபத்திரண்டு சொல் அடிக்கிற பெண்ணுக்கு வேறென்ன தோன்றும் என்று நினைத்தாள். பாராட்டு ஒருமுறை உள்ளே போய்விட்டால் மனுஷனுக்குக் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடுகிறது. முந்நூற்றுச் சொச்சம் வரியையும், பக்கத்தில் தனக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் உட்பட, ஒன்று விடாமல் அனுப்பினாள். எந்த வரி எதற்கு என்று விளக்கி இரண்டு பக்கம் தனியாக வேறு எழுதினாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எடிட்டரைத் திறந்தபோது, திரையின் உச்சியில் ஒரு வரி நின்றது. நிறுவனப் பொதுக்கோப்பு, மாற்ற அனுமதி இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக எல்லா மெஷினிலும் அதை ஏற்றியிருந்தார்கள். அவளுடைய மெஷினில் அவளுடைய கோப்பின் மேலேயே ஏற்றியிருந்தார்கள். திறந்து பார்த்தாள். உருவாக்கியவர், வேகக் குழு, அதாவது ஆபீஸில் எல்லாருடைய வேகத்தையும் கணக்குப் பார்ப்பவர்கள். கீழே அவளுடைய சுருக்கங்கள் இருநூற்றுப் பதினொன்றும் வரிசை மாறாமல் இருந்தன. பலகையை மடித்துக் கொடுத்த வரிகளைக் காணவில்லை. பத்து விரல்காரர்களுக்கு அவை எதற்கு? இன்னும் கீழே வந்தாள். நிறுத்தத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கு மேலே, வீட்டில் கூப்பிடுகிற பெயரில் அவள் தனக்கே எழுதி வைத்த குறிப்பு மட்டும் அழிக்க மறந்துபோய் நின்றது. ஆனி, அவசரத்துல இத எடுத்துடாத, இருக்கறது ஒரு கைதான். குறிப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.  அதற்கு மேல் ஆன்மேரியால் படிக்க முடியவில்லை. லேப்டாப்பை அடித்து மூடினாள்.

தனபாலைக் கூப்பிட்டாள். அவர் கோபப்படவில்லை, கோபப்படுகிற ஆளும் இல்லை. வேகக் குழு இரண்டு நாள் சோதித்துப் பார்த்தது என்றார், சுருக்கங்களால் ஆபீஸில் எல்லாருடைய வேகமும் ஏறிவிட்டது என்றார், அதனால் எல்லாருக்கும் இலக்கை நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு சொல் என்று மேலிடம் உயர்த்திவிட்டது என்றும் சந்தோஷமாகவே சொன்னார். மூன்று நிமிஷ நிறுத்தம் வேலை நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்கிறதாம்.

"சார், அந்தப் பலகை வரி இல்லாம என்னால அடிக்க முடியாதுங்க. எனக்கு மட்டும் பழசப் போட்டுக் குடுங்க."

"ஒரு ஆளுக்குன்னு தனி ஃபைல் வெச்சா மெயின்டெய்ன் பண்ண முடியாதுங்கக்கா. எல்லாருக்கும் ஒரே ஃபைல்தானுங்க. அதுதான் நாயம்."

"அது என் ஃபைலுங்க சார்."

"கம்பெனி மெஷின்ல எழுதுனதுங்களே" என்றார் தனபால், ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல.

எழுதியதெல்லாம் ஆறிலிருந்து பத்து மணிக்குள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? போனை வைத்துவிட்டு, ஒரு கையால் பலகை முழுக்க ஓடி ஓடி அடிக்கத் தொடங்கினாள். இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு, வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு. பதினான்கு சொல் வந்தது. அவளுடைய முப்பத்துநான்கிலிருந்து எடுத்த முப்பத்திரண்டை அவளாலேயே தொட முடியவில்லை. நிறுத்தச் சொல்வதற்கும் எதுவும் இல்லாததால் நிறுத்தாமல் அடித்தாள். ஐந்தாம் நாள் மணிக்கட்டு வீங்கியது. அண்ணி சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மலர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "எங்க ஆனிக்குங்க, பாவம், இருக்கற கையும் வீங்கிக்கிச்சு" என்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

நவம்பர் கடைசியில் தனபாலே கூப்பிட்டார். டிசம்பர் மூன்று மாற்றுத்திறனாளிகள் தினம், கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட வேண்டும், ஆறு விரலால் அடிக்கும் நம் ஊழியர் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்றார்.  ஏழு வருஷம் கேமராவில் முகம் மட்டும் தெரிய வைத்து மறைத்த கையை ஊரெல்லாம் பார்க்கக் கேட்கிறார்கள். தனபால் குரலைத் தணித்துக்கொண்டார். "மேல இருக்கறவங்க பாத்தாங்கன்னா, உங்க தனி ஃபைல் விஷயத்த நான் பேசறதுக்கு வசதியா இருக்குமுங்க." அவள் சரி என்றாள். கையைக் காட்டினால் அறை நிலைக்குமென்றால் காட்டிவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள்.

இரண்டாம் தேதி தனபால் காரில் வந்தார். மனைவியையும் குழந்தைகளையும் ஏற்காடு ஏரியில் படகு சவாரிக்கு இறக்கிவிட்டு, சதீஷ் என்கிற படக்காரனோடு நாகலூருக்கு வந்திருந்தார். நேரில் பார்த்தால் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, எஸ்டேட் காபி எஸ்டேட் காபிதானுங்க என்றார். சதீஷ் ஜன்னலைத் திறந்தான், மேசையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். வலது கையை மடியில் வைத்திருந்த ஆன்மேரியிடம், கையைப் பலகை மேல் வைக்கச் சொன்னான். வைத்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால், விரல் இல்லாதது தெரிகிற மாதிரி என்றான். தள்ளி வைத்தாள்.

"இப்ப வேகமா அடிங்கக்கா. எப்பவும் அடிக்கற மாதிரி."

எப்போதும் அடிக்கிற மாதிரி என்றதும் கட்டைவிரல் தானாக ஸ்பேஸ் பாரைத் தட்டியது. இடது கை பின்னாலேயே ஓடியது. தன் பெயரையும் ஊரையும் அடித்தாள். பொதுக்கோப்புக்கு அதெல்லாம் புரியவில்லை. திரையில் ஊ என்று விழுந்தது, ஆ என்று விழுந்தது, ஏ, ஐ, ஈ என்று இடம் விட்டு இடம் விட்டு விழுந்து, வரி வரியாக நிரம்பியது. வாய் பேச முடியாத ஒருத்தி வலியில் போடுகிற சத்தத்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைத்த மாதிரி இருந்தது.

"எழுத்து ஒண்ணும் சரியா வரலீங்க" என்றாள்.

"ஸ்கிரீன் படத்துல தெரியாதுங்கக்கா. சும்மா அடிங்க. கொஞ்சம் சிரிச்சாப்புல."

ஆன்மேரி சிரித்தாள். சதீஷ் முப்பது நாற்பது படம் எடுத்தான். அவன் கேமராவைப் பைக்குள் வைத்ததும் தனபால் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தைப் பிரித்தார். நவம்பர் கணக்கில் அவளுடைய வேகம் பதினான்கு. மெஷின் ஒப்படைத்ததற்கான படிவம் அது. எப்படியும் மேலே வருகிறோம், பஸ்ஸில் போட்டு அனுப்புகிற சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்று கையோடு கொண்டுவந்தாராம்.

"பேசறேன்னு சொன்னீங்களே சார்."

"பேசுனனுங்கக்கா" என்றார் தனபால். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "போட்டோவுக்கு உடனே ஓகே சொல்லிட்டாங்க. இது வேற டிபார்ட்மென்டுங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். லேப்டாப்பைச் சதீஷ்தான் காருக்குத் தூக்கிப் போனான், பத்து விரலாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு. வெளியே வந்து வழியனுப்பவில்லை ஆன்மேரி. அண்ணி போய்க் கையசைத்துவிட்டு வந்தாள். சாயந்திரம் கதவருகில் வந்து, கீழறையில் ஈரம் ஏறுகிறது, இரண்டே இரண்டு மூட்டையை இந்த மேசை மேல் வைத்துக்கொள்ளட்டுமா ஆனி என்று கேட்டாள். எவ்வளவு பதமாகக் கேட்டாள் என்றால், வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஆன்மேரிதான் கெட்டவளாகியிருப்பாள். வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நான்காம் தேதி மத்தியானம் கீர்த்திகா கூப்பிட்டாள்.  படத்தைப் பார்த்ததாகவும், இத்தனை வருஷம் பேசியும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றும் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். முதல் பத்து நாள் ஆபீஸில் எல்லாருக்கும் கை மரத்துப்போனதாம். முப்பத்திரண்டைப் பிடிக்கத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் அடித்தார்களாம். அதைக் கேட்டபோது ஆன்மேரிக்கு ஒரு நொடி திருப்தியாக இருந்தது. படட்டும் என்று இருந்தது. அப்படித் தோன்றியதற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

"இப்பப் பரவால்லீங்கக்கா. இப்பக்கூட நிறுத்தத்துலதான் பேசிட்டிருக்கறன். எல்லாம் நீங்க உட்டு வெச்ச அந்தக் கடைசி வரியாலதான்."

எந்தக் கடைசி வரி என்று ஆன்மேரிக்கு விளங்கவில்லை. கீர்த்திகாவே சொன்னாள். பொதுக்கோப்பை ஒருநாள் ஆத்திரத்தில் அடிவரைக்கும் படித்துப் பார்த்தாளாம். வேகக் குழு அடிவரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஒரு வரி அப்படியே இருந்தது. அடிக்கிறவருடைய சொந்தக் கோப்பு ஒன்று அவருடைய கோப்புறையில் இருந்தால், கடைசியாக அதையும் படித்து அதன்படி நட. அவ்வளவுதான் அந்த வரி. சொந்தக் கோப்பில் யார் என்ன எழுதினாலும் பொதுக்கோப்பு சொன்னதை அது தள்ளிவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கீர்த்திகா அதில் நிறுத்தத்தைத் திரும்ப எழுதிக்கொண்டாள், காதும் காதும் வைத்த மாதிரி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கு ஆபீஸில் நாற்பது பேருடைய எடிட்டரும் இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பூட்டிக்கொள்கிறது.

லினக்ஸ் வந்த முதல் வாரத்தில் ஆன்மேரிதான் அதை எழுதினாள். பெரிய கோப்பைக் கெடுக்காமல் ஒவ்வொன்றையும் வெளியே சோதித்துப் பார்ப்பதற்காக அவசரத்தில் எழுதிய வரி அது. வேலை முடிந்ததும் மறந்துபோனாள். அந்த வியாழக்கிழமை காலையில் இன்னும் பத்து வரி கீழே போயிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். புதிதாக எழுதிய பலகை வரிகளின் நகல் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது, ஐந்து நிமிஷ வேலை. முப்பத்துநான்கு சொல் அடித்திருப்பாள். தனபாலிடம் கெஞ்சியிருக்க வேண்டாம். கையைக் காட்டியிருக்க வேண்டாம். அவர்கள் எடுத்ததை மட்டும் பார்த்துவிட்டு, எடுக்காமல் விட்டதைப் படிக்காமல் மூடினாள். இதற்கு யாரைத் திட்டுவது? பல்ப்பருக்கு மூடி இல்லை என்று எஸ்டேட்டைத் திட்டலாம். திருடிக்கொண்டார்கள் என்று கம்பெனியைத் திட்டலாம். இதற்குத் தன்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. 

"நீங்க வேணும்னுதான அந்த வரிய உட்டு வெச்சீங்க?" என்று கேட்டாள் கீர்த்திகா. "இங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியாம நமக்குன்னு ஒரு சந்து உட்டு வெச்சிருக்காங்கன்னு. அப்பறம் நீங்க ஏனுங்கக்கா மெஷினத் திருப்பிக் குடுத்துட்டீங்க? உங்களுக்கும் அதுலயே எழுதிக்கிட்டிருக்கலாமே."

ஆன்மேரி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் அழுவாள், அழுதுவிட்டுப் போய் நாற்பது பேரிடமும் சொல்லுவாள். நாற்பது பேரும் என்ன சொல்வார்கள் என்பதும் ஆன்மேரிக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைச் சேலத்திலிருந்தும் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"வேணும்னுதான் கண்ணு உட்டு வெச்சேன்" என்றாள். "எனக்கு இந்த வேல போதும்னு ஆயிப்போச்சு. அதான் குடுத்துட்டேன்."

 உங்க மனசு யாருக்குங்கக்கா வரும் என்றாள் கீர்த்திகா. அதற்குள் அவள் பக்கத்தில் ஏதோ மணி அடித்தது. மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது, எடிட்டர் திறந்துகொண்டது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்கு வேலை இருந்தது.